கோழித் தோலும் இறால் தலையும் முதற்பாலும்

திருகோணமலை உவர்மலையிலிருந்து வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது:

"என் கணவருக்கு 54 வயது. சென்ற மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரோல் 246, கெட்ட கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்.டி.எல். 168 என்று வந்தது. டொக்டர் இரவில் போட ஒரு குளிசை தந்திருக்கிறார். அன்று தொடக்கம் வீட்டில் பட்டிமன்றம்தான். புறொயிலர் கோழிதான் எல்லாவற்றுக்கும் காரணம், ஊர்க்கோழியில் கொலஸ்ட்ரோலே இல்லை என்கிறார் மாமி. பக்கத்து வீட்டு அக்கா இறால், கணவாய், நண்டு மூன்றையும் மறந்துவிடச் சொல்கிறார். சூடை மீனில் எண்ணெய் மிதக்கிறது, அதுவும் கூடாது என்று இன்னொருவர். பாலையூற்றில் உள்ள எங்கள் சிறு காணியில் மகன் 150 இறைச்சிக்கோழி வளர்க்கிறான். தீனுக்குள் உள்ளித்தூளும் (வெள்ளைப்பூண்டுத் தூள்) மயில்துத்தமும் (நீலநிறச் செப்பு உப்பு) கலந்தால் 'கொலஸ்ட்ரோல் இல்லாத கோழி' என்று போட்டு விற்கலாம் என யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் ஆறு பேர். ஒரு நாளைக்கு இரண்டு தேங்காய் போகும். கோழி புதனும் ஞாயிறும், மற்ற நாட்களில் மீன், வெள்ளி மரக்கறி. இவர் காலையும் மாலையும் பால்தேநீர் குடிப்பார். எதைச் சமைப்பது, எதை விடுவது என்றே தெரியவில்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

குளிசையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலில் உள்ள எதையும் வைத்து அதை நிறுத்தவோ பாதியாக்கவோ வேண்டாம். சாப்பாட்டை மாற்றுவது குளிசைக்குத் துணை. எவ்வளவு குறைப்பது, எப்போது குறைப்பது என்பதை மறுபரிசோதனை முடிவைப் பார்த்து டொக்டர் சொல்லட்டும். தைரொயிட் சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும். ஆகவே தைரொயிட், சீனி இரண்டும் பார்த்தாயிற்றா என்று அடுத்த முறை கேளுங்கள்.

இனி மாமியின் வழக்கு. கொலஸ்ட்ரோல் இல்லாத கோழி உலகத்தில் கிடையாது, ஊரிலும் கிடையாது, பண்ணையிலும் கிடையாது. மிருகம், பறவை, மீன் எதுவானாலும் அதன் உடம்பின் ஒவ்வொரு கலத்தையும் சுற்றியிருக்கும் மென்சவ்வு கொலஸ்ட்ரோல் கலந்தே கட்டப்பட்டது. அது இல்லாமல் கலம் நிற்காது. இறைச்சியில் உள்ள கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதி இந்தச் சவ்வுகளில்தான் இருக்கிறது, வெள்ளையாகத் தெரியும் கொழுப்பில் அல்ல. அதனால்தான் கொழுத்த கோழிக்கும் மெலிந்த கோழிக்கும் கொழுப்பில் பெரிய வித்தியாசம் இருந்தாலும் கொலஸ்ட்ரோலில் சிறிய வித்தியாசமே இருக்கும். ஊர்க்கோழி ஓடித் திரிவதால் கொழுப்புக் குறைவு, அதில் மாமி சொல்வது சரி. கொலஸ்ட்ரோல் இல்லை என்பது சரியில்லை.

இனத்தைவிடப் பாகம்தான் கணக்கை மாற்றுகிறது. தோல் நீக்கிய பச்சை நெஞ்சிறைச்சி 100 கிராமில் 60 முதல் 70 மில்லிகிராம் கொலஸ்ட்ரோல். அதே கோழியின் தொடையில் 80 முதல் 95 வரை. தொடை நாள் முழுக்க நிற்கவும் நடக்கவும் வேலை செய்யும் தசை. நார்கள் மெல்லியவை, கலத்துக்குள் சக்தி தயாரிக்கும் உறுப்புகள் அதிகம், ஆகவே அதே நிறைக்குள் சவ்வும் அதிகம். நெஞ்சு வெளிறிய, தடித்த நார். வித்தியாசம் இவ்வளவுதான். உள்ளுறுப்புகளுக்குப் போனால் கணக்குத் தாவும்: இதயத்தில் 100 கிராமுக்கு 135 அளவில், இரைப்பையில் 240, ஈரலில் 345. ஒரு கோழியின் ஈரல் 40 கிராமளவு என்று வைத்தால் ஏறத்தாழ 140 மில்லிகிராம். அந்த ஒற்றை ஈரல் யாருடைய கோப்பைக்குப் போகிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது வீட்டுத் தலைவருக்குத்தான்.

மாமிக்கு இன்னொன்று. முட்டையிடும் பருவத்து ஊர்க்கோழியை அறுத்தால் வயிற்றுக்குள் மஞ்சள் மஞ்சளாக முட்டைக் குலை இருக்கும், குழம்பில் அதற்குத்தான் போட்டி. அதில் முழு அளவுக்கு வளர்ந்த ஒரு மஞ்சள் கருவில் 185 மில்லிகிராமளவு கொலஸ்ட்ரோல் இருக்கிறது. இரண்டு கரு சாப்பிட்டால் அரைக் கிலோ நெஞ்சிறைச்சியில் உள்ளதைத் தாண்டிவிடும். முட்டையிட்டு ஓய்ந்து விலை குறைத்து விற்கும் பண்ணைக் கோழியும் இப்படித்தான். கருவுக்காக அதன் ஈரல் மாதக்கணக்காகக் கொழுப்பைச் சுரந்து கொண்டிருந்திருக்கும், அடிவயிற்றில் கைப்பிடியளவு மஞ்சள் கொழுப்பு கட்டியிருக்கும்.

தோலைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. தோலில் கொலஸ்ட்ரோல் மலைபோல் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். பச்சைத் தோல் 100 கிராமில் அது 110 மில்லிகிராமளவு, தொடையிறைச்சியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனால் அதே 100 கிராமில் கொழுப்பு 32 கிராம், அதில் நிரம்பிய கொழுப்பு, அதாவது குளிர்ந்தால் உறையும் வகை, 9 கிராம். தோல் நீக்கிய தொடையில் மொத்தக் கொழுப்பே 4 கிராம், நிரம்பியது 1 கிராம். உங்கள் கணவரின் எல்.டி.எல்.லை உயர்த்துவது பெரும்பாலும் இந்த நிரம்பிய கொழுப்பு. உடம்பு தனக்குத் தேவையான கொலஸ்ட்ரோலைத் தானே செய்துகொள்ளும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம், அதில் ஈரலின் பங்கு பெரிது. சாப்பாட்டில் வருவதில் பாதியளவுதான் குடலில் உறிஞ்சப்படும். வெளியிலிருந்து கூட வந்தால் ஈரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். நிரம்பிய கொழுப்பு கூடினால் கதை வேறு: இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஈரலின் வாசல்கள் குறைகின்றன, எல்.டி.எல். இரத்தத்திலேயே சுற்றுகிறது. அமெரிக்க உணவு வழிகாட்டி பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த 'நாளுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரோல்' என்ற எல்லையை 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓர் எண்ணாக வைக்காமல் விட்டதற்கும் இதுவே பின்னணி. அதற்காக அளவில்லாமல் சாப்பிடலாம் என்று அது சொல்லவில்லை. சிலருக்கு உணவுக் கொலஸ்ட்ரோலே நன்றாக ஏற்றிவிடும், எல்.டி.எல். உயர்ந்தவர்கள் தங்களை அந்தச் சிலரில் ஒருவராக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஆகவே கோழியைச் சுத்தம் செய்யும் முறையில் கொஞ்சம் கவனம் போதும். கழுத்துத் தோலுக்குள் பையாக இருக்கும் மஞ்சள் கொழுப்பு, வாலடிக் குமிழ், வயிற்று வாசலின் இரு பக்கமும் மடிந்திருக்கும் கொழுப்பு மடல் ஆகிய மூன்றையும் வெட்டுமுன் எடுத்துவிடுங்கள். துண்டு போட்ட பிறகு தேடினால் பாதி கிடைக்காது. தோலை முழுக் கோழியாக இருக்கும்போது உரிப்பது சுலபம், கை வழுக்கினால் துணியால் பிடித்து இழுக்கலாம். செட்டைத் தோலோடு போராட வேண்டாம், செட்டையை வேறாக்கி மற்றவர்களுக்குக் கொடுங்கள். இன்னும் குறைக்க விருப்பமென்றால் தேங்காய்ப்பால் விடாமல் முதல் நாளே வேகவைத்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் மேலே படர்ந்திருக்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்துவிட்டுக் குழம்பாக்குங்கள். கழுவிக் கழுவி எடுப்பதாலோ எலுமிச்சம்புளியும் மஞ்சளும் பூசுவதாலோ கொலஸ்ட்ரோல் போகாது, மணம்தான் போகும்.

இப்போது, நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்ட வரிக்கு வருகிறேன். ஆறு பேருக்கு நாளுக்கு இரண்டு தேங்காய்.

தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லை. எந்தத் தாவரத்திலும் பேசத்தக்க அளவில் இல்லை. எண்ணெய்ப் போத்தலில் 'கொலஸ்ட்ரோல் அற்றது' என்று பெரிதாக அச்சிடுவது உப்புப் பைக்கற்றில் 'சீனி அற்றது' என்று போடுவது போல. ஆனால் தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பியது. நுவரெலியாவில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதற்குக் காரணமும் இதுவே. கணக்கை மிகக் குறைவாகவே போடுகிறேன். ஒரு தேங்காயின் பருப்பு 300 கிராம் என்றால் அதில் கொழுப்பு ஏறத்தாழ 100 கிராம். கையால் பிழிவதில் பாதிதான் பாலுக்கு வருகிறது என்று வைத்தாலும் இரண்டு தேங்காய்க்கு 100 கிராம். ஆறால் பிரித்தால் ஆளுக்கு 16, 17 கிராம், அதில் நிரம்பியது 15 கிராம். இதற்கு மேல் பால்தேநீர். முழு ஆடைப் பால்மா கோப்பைக்கு 15 கிராம் போட்டால் 2.5 கிராம் நிரம்பிய கொழுப்பு, இரண்டு கோப்பைக்கு 5. ஆக, மீனோ கோழியோ ஒரு துண்டுகூட வாய்க்குப் போகாமலே 20 கிராம் ஆகிவிட்டது. எல்.டி.எல். குறைக்க வேண்டியவருக்கு 2000 கலோரி உணவில் முழு நாளுக்கும் 11 முதல் 13 கிராம்தான் அளவு. தோல் நீக்கிய கோழித் துண்டு இந்தக் கணக்கில் 1 கிராமைத்தான் கூட்டுகிறது. அந்தத் துண்டு மிதந்த தேங்காய் முதற்பாலை விட்டுவிட்டு வீட்டில் எல்லோரும் கோழியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்!

தேங்காயெண்ணெய் நல்ல கொலஸ்ட்ரோலையும் கூட்டுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டுகிறது. கூடவே எல்.டி.எல்.லையும் கூட்டுகிறது. 168 உள்ளவருக்கு நான் அந்தப் பேரத்துக்குப் போகச் சொல்லமாட்டேன்.

தேங்காயை முற்றாக விடுவது நம் சமையலில் நடக்கிற காரியமல்ல, அப்படிச் சொன்னால் இரண்டு வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இரண்டு தேங்காயை ஒன்றாக்குங்கள், பிறகு பாதிக்கு வாருங்கள். அரைக் கிலோ கோழிக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய், நிறைய வெங்காயம், தக்காளி, சரக்குத்தூள் போட்டு வதக்கி அவித்து, இரண்டாம் பாலோ கப்பிப் பாலோ அரைக் கோப்பை விடலாம். தடிப்பு வேண்டுமானால் ஒரு மேசைக்கரண்டி அரிசியை மிளகு சீரகத்தோடு வறுத்து அரைத்துக் கலக்குங்கள், முதற்பால் விட்டதுபோல் குழம்பு இறுகும். அரிசித் தூளைக் கொதிக்கும் குழம்பில் நேரே கொட்டினால் கட்டிபடும், பச்சைத் தண்ணீரில் கரைத்தே விட வேண்டும். சொதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். காலையில் இடியப்பத்துக்கு விடும் இரண்டு அகப்பைச் சொதி மதியக் கறியைவிடக் கூடுதலான பாலைக் கொண்டுவரும். அதை வாரம் இரண்டு நாளாக்கி மற்ற நாட்களில் பருப்பு, சம்பார் என்று மாற்றலாம்.

மீனுக்கு வருவோம். கரைவலைச் சூடை, கீரி, கும்பளா, சாளை போன்ற சிறுமீன்களில் எண்ணெய் மிதப்பது உண்மை, அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அந்த எண்ணெயின் பெரும்பகுதி நிரம்பாத வகை, அதற்குள் ஒமேகா 3 இருக்கிறது. அது எல்.டி.எல்.லைக் குறைத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ட்ரைகிளிசரைட் என்ற மற்றக் கொழுப்பைத்தான் இறக்கும். அறக்குளா, பாரை, சூரை, விளைமீன் முதலிய பெரிய மீன்களின் சதையில் 100 கிராமுக்கு 40 முதல் 75 மில்லிகிராமளவு கொலஸ்ட்ரோல் வரும். கந்தளாய்க் குளத்துத் திலாப்பியாவும் 50 அளவில்தான். சிறுமீன் முழுதாக எலும்பு, தோல், சினையோடு சாப்பிடப்படுவதால் கூடும். தகரத்தில் அடைத்த மத்தி வகை மீனில் 140 வரை காட்டுவதும் இதனால்தான். நெத்தலிக்குத் தலையும் குடலும் கிள்ளி எடுக்கும் பழைய பழக்கம் நல்லது, அந்த இரண்டு இடத்திலும்தான் செறிவு அதிகம்.

மீனில் பருவம் பெரிய விஷயம். சினைப்படும் முன் சூடை கொழுத்திருக்கும், சினை விட்ட பின் வற்றிப்போய்ச் சதை சப்பென்றிருக்கும். மாறுவது பெரும்பாலும் கொழுப்பு, சதையின் கொலஸ்ட்ரோல் அந்தளவு ஆடாது. சினையில் மட்டும் அது கொட்டிக் கிடக்கும்: 100 கிராமுக்கு 370 மில்லிகிராம் வரை. முட்டையும் சினையும் ஒரே வேலைக்கு உண்டானவை, குஞ்சு தன் கலங்களைக் கட்டுவதற்குத் தாய் கட்டிக்கொடுக்கும் சாமான் அது. பாரைச் சினைப் பொரியலை உங்கள் கணவர் மாதத்தில் ஒரு முறை, தீப்பெட்டியளவில் வைத்துக்கொள்ளட்டும்.

பக்கத்து வீட்டு அக்காவின் மூன்றில் நண்டை முதலில் விடுதலை செய்துவிடலாம். சதை 100 கிராமுக்கு 80 முதல் 100 வரைதான், கோழித் தொடையின் அளவு. ஓட்டுக்குள் மஞ்சளாகப் பிசுபிசுத்திருக்கும் பகுதியை மட்டும் தவிருங்கள். இறால் 125 முதல் 160, கணவாய் 230 அளவு. கணவாயின் எண் பெரிதாகத் தெரிந்தாலும் நிரம்பிய கொழுப்பு அரைக் கிராமுக்கும் கீழே, இறாலில் அதிலும் குறைவு. ஆகவே வாரம் ஒரு தடவை, சுத்தம் செய்த பிறகு 100 கிராம், தலை நீக்கி, தேங்காய்ப்பாலும் ஆழப்பொரியலும் இல்லாமல் என்றால் இறால் அவருக்கு விலக்கல்ல. கணவாய் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். இறால் தலையை விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதற்குள்ளிருக்கும் செம்மஞ்சள் சாறு இறாலின் ஈரலும் கணையமும் சேர்ந்த உறுப்பு, கொழுப்பும் கொலஸ்ட்ரோலும் சேமித்திருக்கும் இடம். சுவையும் அங்கேதான், என்ன செய்வது. ஒரு வேடிக்கை: இறாலும் நண்டும் தம் உடம்பில் கொலஸ்ட்ரோல் செய்ய முடியாத இனங்கள். ஓடு கழற்றி வளர்வதற்கான சுரப்பு அதிலிருந்தே வருவதால் உணவிலிருந்து பெற்றே ஆகவேண்டும். இறால் பண்ணைகளில் தீனுக்குள் கொலஸ்ட்ரோலைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்கிறார்கள்.

கிண்ணியாப் பக்கத்து மட்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பழைய அட்டவணைகளில் மட்டிக்கும் சிப்பிக்கும் எண்கள் மிக உயரமாக இருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அக்காலத்து நிறமாற்றப் பரிசோதனை கொலஸ்ட்ரோலையும் அதைப் போன்ற பிற பொருட்களையும் பிரித்துக் காட்டவில்லை. மட்டி கடற்பாசி நுண்ணுயிர்களை வடித்துத் தின்பதால் தாவரவகைப் பொருட்கள் அதற்குள் நிறைய, எல்லாம் ஒரே கணக்கில் விழுந்தன. இன்றைய கருவிகள் பிரித்து அளக்கின்றன, எண்கள் இறங்கிவிட்டன. அட்டவணைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு: ஒன்று பச்சை இறைச்சிக்கு, மற்றது சமைத்ததற்கு. சமைக்கும்போது கொலஸ்ட்ரோல் ஆவியாவதில்லை, நீர்தான் போகிறது. 65 மில்லிகிராம் இருந்த 100 கிராம் பச்சை நெஞ்சுத்துண்டு வெந்து 75 கிராமாகச் சுருங்கினால், 100 கிராமுக்கு என்று எழுதும்போது 87 ஆகிவிடும். கோப்பையில் கிடப்பது அதே துண்டு.

கருவாடு இதே கணக்கின் உச்சம். மூன்று கிலோ மீன் காய்ந்து ஒரு கிலோவானால் 50 என்பது 150 ஆகும். ஒருவர் சாப்பிடுவது 20 கிராம் என்பதால் அந்த எண் பெரிய பிரச்சினையல்ல. பிரச்சினை இரண்டு: உப்பு, அடுத்தது காற்றும் வெயிலும். மீனெண்ணெய் மிக விரைவில் காறும் எண்ணெய். அது காறும்போது பக்கத்திலிருக்கும் கொலஸ்ட்ரோலையும் ஒட்சியேற்றிவிடும், அப்படிக் காற்றுப்பட்டு ஒட்சியேறிய கொலஸ்ட்ரோல் நல்ல நிலையில் உள்ளதைவிட இரத்தக் குழாய்ச் சுவருக்குத் தீங்கானது என்று விலங்குகளில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. மஞ்சள் பூத்து, தொண்டையில் காறலடிக்கும் சூடைக் கருவாட்டை விலை மலிவென்று வாங்காதீர்கள். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்து மீன் குறையும்போது வீட்டில் கருவாடு இருக்கத்தான் செய்யும். காற்றுப்புகாத டப்பாவில், இருட்டில், முடிந்தால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பாரை, கட்டா போன்ற கொழுப்புக் குறைந்த மீனின் கருவாடு சூடைக் கருவாட்டைவிட நாள் தாங்கும். பொரித்த எண்ணெயை மறுநாளும் அதற்கு மறுநாளும் பாவிப்பதும் அதே ஒட்சியேற்றத்தைத்தான் செய்கிறது. மீனைப் பொரித்தே தீரவேண்டுமென்றால் ஒட்டாத சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவி இரு பக்கமும் வாட்டி எடுங்கள். பழப்புளிக் குழம்பு, அவியல், கொறுக்காய் போட்ட வறட்டல் எதற்குமே பால் தேவையில்லை.

மகனின் திட்டம்தான் எனக்குக் கவலை தருவது. அவருக்குச் சொன்னவர் முற்றிலும் பொய் சொல்லவில்லை. ஒரு கிலோ தீனில் 125 முதல் 250 மில்லிகிராம் வரை செப்புச் சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளில் நெஞ்சிறைச்சியின் கொலஸ்ட்ரோல் ஐந்திலொன்று, நான்கிலொன்று வரை குறைந்திருக்கிறது. கோழியின் ஈரலில் கொலஸ்ட்ரோல் தயாரிக்கும் நொதியின் வேகத்தைச் செப்பு குறைக்கிறது. உள்ளித்தூளும் அதே இடத்தில் கைவைக்கிறது. ஆனால் நான்கிலொன்று என்பது என்ன? 100 கிராம் இறைச்சியில் 60 இருந்தது 45 ஆகிறது. உங்கள் கணவரின் உடம்பே நாளுக்கு 1000 மில்லிகிராம் செய்கிறது என்று மேலே சொன்னேன். 15 மில்லிகிராமை அவர் இரத்தம் கவனிக்கப் போவதில்லை.

செலவையும் ஆபத்தையும் பாருங்கள். இறைச்சிக்கோழிக்கு உண்மையில் தேவைப்படும் செப்பு கிலோ தீனுக்கு 8 மில்லிகிராம், வாங்கும் தீனில் அது ஏற்கெனவே இருக்கிறது. மயில்துத்தத்தில் நான்கிலொன்றுதான் செப்பு, அதனால் 125 மில்லிகிராமுக்கு 50 கிலோ மூடையில் 25 கிராம் கலக்க வேண்டிவரும். மண்வெட்டியால் கிளறி 25 கிராமை 50 கிலோவில் சமமாகப் பரப்ப முடியாது. ஒரு தொட்டியில் ஒன்றுமிராது, அடுத்ததில் நாலு மடங்கிருக்கும். அளவு கூடினால் வாய்க்குள் புண், இரைப்பையின் உட்தோல் அரிப்பு, தீன் எடுக்காமை, நிறை குறைவு. கோழி உறிஞ்சாத செப்பு முழுவதும் எச்சத்தோடு உமியில் சேரும். அந்த எரு பயிர்க் காணிக்குப் போனால் ஆண்டுக்காண்டு மண்ணில் தேங்கும். ஆடு அந்த எருவை நக்கினாலோ எரு போட்ட புல்லை மேய்ந்தாலோ செப்பு நஞ்சு பிடிக்கும், செம்மறிக்கு இன்னும் எளிதில். போதாததற்குக் கோழியின் ஈரலிலும் அது சேரும்.

உள்ளிக்கு ஆபத்தில்லை, கணக்குத்தான் சரிவராது. ஒரு கோழி 2 கிலோவாக வளர 3.4 கிலோ தீன் என்றால் 150 கோழிக்கு 510 கிலோ, அதாவது பத்து மூடை. பலன் காட்டிய 3 வீதத்தில் போட்டால் 15 கிலோ உள்ளித்தூள். அதற்குப் பச்சை உள்ளி 40 கிலோவுக்கு மேல் வேண்டும். சந்தையில் உள்ளி விலையை விசாரித்துவிட்டு ஒரு கோழியின் விலையை அவரே போட்டுப் பார்க்கட்டும்.

அவர் உண்மையில் மாற்றக்கூடியது கோழியின் கொழுப்பு. முதல் இடம் தீனின் புரதம். செலவை மிச்சம் பிடிக்கக் கடைசி இரண்டு வாரத்தில் வாங்கிய தீனோடு குறுணலும் தவிடும் பாதிக்குப் பாதி கலப்பது பலரின் பழக்கம். முடிப்புத் தீனில் 19, 20 வீதமாக இருக்கவேண்டிய புரதம் 14, 15க்கு இறங்கும். புரதம் போதாத கோழி அதைத் தேடிக் கூடத் தின்னும், கூட வந்த மாச்சத்து முழுவதும் வயிற்றுக் கொழுப்பாகப் போகும். தராசில் நிறை சரியாக இருக்கும், அறுத்தபின் கொழுப்பாக எறியப்படும். இரண்டாவது, வயது. 35 முதல் 42 நாளுக்குள் விற்றுவிட வேண்டும். விலை ஏறட்டும் என்று எட்டாம் வாரம்வரை வைத்திருந்தால் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு, பேட்டில் சேவலைவிடக் கூட. மூன்றாவது, வெப்பம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கூட்டுக்குள் கோழி வெக்கையில் மூச்சிரைக்கும்போது நெஞ்சுத் தசை குறைந்து கொழுப்பு கூடும். காலை 10 மணி முதல் பிற்பகல் 4 வரை தீன் தொட்டிகளை உயர்த்திவிட்டு, விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் கொடுக்கட்டும். குளிர்ந்த தண்ணீர் எந்நேரமும் வேண்டும். கிடுகுக் கூரையானால் நல்லது, தகரமென்றால் மேலே கிடுகு பரப்பலாம்.

இன்னொன்று, கோழியின் உடற்கொழுப்பு அது தின்ற கொழுப்பைப் போலவே அமையும். ஆடு மாட்டின் வயிற்றில் நடக்கும் மாற்றம் கோழிக்குள் நடப்பதில்லை. தேங்காய்ப் பிண்ணாக்கை அள்ளிப் போட்டால் கொழுப்பு நிரம்பிய பக்கம் சாயும், சோயா இருந்தால் நிரம்பாத பக்கம். மீன்தூள் நல்ல புரதம்தான், விற்பதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் குழம்பில் மீன் மணக்கும், வாங்கியவர் திரும்ப வரமாட்டார். தவிடு அரைத்த சில வாரங்களுக்குள் காறிவிடும், மணந்து பார்த்தே போட வேண்டும். காறிய தவிடு தின்ற கோழியின் இறைச்சியும் சீக்கிரம் காறும்.

'கொலஸ்ட்ரோல் இல்லாத கோழி' என்று பலகை எழுதுவதை மட்டும் கட்டாயம் தடுங்கள். அது இல்லாத பொருள். உணவுப் பொருளைப் பற்றி மக்களைத் தவறாக நம்பவைக்கும் விளம்பரம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ்க் குற்றம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் கடைக்கு வந்தால் அவர் கையில் காட்ட மகனிடம் எதுவும் இராது. 'தோலும் வயிற்றுக் கொழுப்பும் நீக்கியது, இன்று காலை அறுத்தது, வயது 38 நாள்' என்று எழுதிப் போடச் சொல்லுங்கள். மூன்றும் உண்மையாக இருந்தால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுப்பார்கள்.